ஒரு மணி நேரத்தின் விலை: மலைக் கொரில்லாக்களுடன் வாழ்ந்த டயன் ஃபாசி

என் பெரியம்மா மகன் வேலை காரணமாக ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இரண்டு ஆண்டுகளாக வசிக்கிறார். ஆண்டிறுதி விடுமுறைக்கு அங்கு வரும்படி என்னை அழைத்தார். கிகாலியிலிருந்து காரில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் விருங்கா எரிமலைகளின் அடிவாரத்துக்குப் போய்விடலாம். அங்கிருந்து வழிகாட்டியுடன் காட்டுக்குள் நடந்தால் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அண்ணன் இன்னும் போகவில்லை. நம்மில் எத்தனை பேர் புலாவ் உபினுக்குப் போயிருக்கிறோம்? அதுபோலத்தான்.

பயணத்தைத் திட்டமிடும் வேலை என்னிடம் வந்தது. முதலில் கண்ணில் பட்டது அனுமதிச் சீட்டின் விலை. வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு 1,500 அமெரிக்க டாலர், ஏறத்தாழ 2,000 வெள்ளி. அங்கேயே வசிக்கும் வெளிநாட்டவர் என்பதால் அண்ணனுக்குச் சலுகை உண்டு, எனக்குக் கிடையாது. இத்தனை பணம் கட்டினாலும் கொரில்லாக்களுடன் இருக்கக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. 15 வயதுக்குக் கீழ் இருந்தால் போக முடியாது. சளி, காய்ச்சல் இருந்தாலும் போக முடியாது. முகக்கவசம் அணிய வேண்டும். சில மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும்.

எதற்காக இவ்வளவு கட்டுப்பாடு என்று தேடத் தொடங்கினேன். தேடல் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் போய் நின்றது. அவரும் ஒரு காலத்தில் என்னைப்போல் கையில் பணமில்லாமல் இதே பயணத்தைத் திட்டமிட்டவர்தான். அவர் பெயர் டயன் ஃபாசி.

கடன் வாங்கிப் போன பயணம்

1932ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் டயன் ஃபாசி பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டனர். தாயார் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை கண்டிப்பானவர். பத்து வயதுவரை பெரியவர்களோடு ஒரே மேசையில் இரவுச் சாப்பாடு சாப்பிடக்கூட டயனுக்கு இடமில்லை. அந்த வீட்டில் அவருக்குத் துணையாக இருந்தது ஒரு தங்கமீன். அது இறந்தபோது அவர் நாள்கணக்கில் அழுதார். வேறு பிராணி வளர்க்க அனுமதி கிடைக்கவில்லை.

விலங்கு மருத்துவராக வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்கான படிப்பில் சேர்ந்தார். ஆனால் வேதியியலும் இயற்பியலும் அவரைக் கவிழ்த்துவிட்டன. வேறு வழியின்றித் துறை மாறி, தொழில்வழிச் சிகிச்சை படித்து 1954இல் பட்டம் பெற்றார். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், உடற்குறையுள்ள சிறுவர்களுக்கான மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். பேசத் தயங்கும் பிள்ளைகளிடம் அவசரப்படாமல் பழகும் பொறுமை அங்குதான் அவருக்குக் கைவந்தது. பிற்காலத்தில் காட்டில் அவருக்குக் கைகொடுத்ததும் அந்தப் பொறுமைதான்.

ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும் என்ற கனவு மட்டும் அவரை விடவில்லை. சேமிப்பு போதவில்லை. 1963இல் 8,000 டாலரை வங்கியில் கடனாக வாங்கினார். மூன்று ஆண்டுகளில் அடைக்க வேண்டிய கடன். ஏழு வாரப் பயணம். ஒரு வழிகாட்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 31. ஆறடி உயரம். சிறு வயதிலிருந்தே நுரையீரல் தொல்லை. போதாக்குறைக்கு உயரமான இடங்களைக் கண்டால் பயம்.

திட்டமிட்டபடி எல்லாம் நடக்கவில்லை. தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் புகழ்பெற்ற தொல்மானுட ஆய்வாளர் லூயிஸ் லீக்கியைச் சந்திக்கப் போனார். அங்கே சரிவில் கால் இடறி, அகழ்ந்துகொண்டிருந்த குழிக்குள் விழுந்தார். கணுக்கால் போயிற்று. வலி தாங்காமல், புதிதாகக் கண்டெடுத்திருந்த ஒட்டகச்சிவிங்கிப் புதைபடிவத்தின் மீதே வாந்தி எடுத்துவிட்டார். ஓர் அறிஞரை முதன்முதலாகச் சந்திக்கும்போது இதைவிட மோசமாக எதுவும் நடக்க முடியாது. ஆனாலும் இரண்டு வாரங்கள் கழித்து, வீங்கிய காலோடு கொங்கோவின் மிக்கேனோ மலையில் ஏறிக்கொண்டிருந்தார்.

அந்த மலையிலுள்ள காபாரா என்னும் புல்வெளிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க அருங்காட்சியகத்துக்காகக் கொரில்லாக்களைச் சுட்ட கார்ல் ஏக்லி, பிறகு மனம் மாறி, அவற்றைக் காப்பாற்ற ஒரு தேசியப் பூங்கா வேண்டும் என்று பெல்ஜிய மன்னரிடம் வாதாடினார். 1925இல் அந்தப் பூங்கா அமைந்தது. மறு ஆண்டு அவர் இறந்தார். அவரை அடக்கம் செய்தது காபாராவில்தான். ஜார்ஜ் ஷேலர் என்ற விலங்கியல் அறிஞர் 1959 முதல் 1960 வரை கொரில்லாக்களை ஆராய்ந்ததும் அங்கேதான்.

ஃபாசி போனபோது காபாராவில் ஆலன் ரூட், ஜோன் ரூட் என்ற படப்பிடிப்பாளர் தம்பதியர் கூடாரமிட்டிருந்தனர். அவர்களோடு காட்டுக்குள் சென்றார். முதலில் ஒரு வாடை. அடுத்துக் காதைத் துளைக்கும் ஓர் அலறல். அதன்பிறகே செடிகளின் இடைவெளியில் கரிய முகங்கள் தெரிந்தன. அவை ஒளிந்திருந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மீண்டும் இங்கு வந்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தோடு ஃபாசி மலையிலிருந்து இறங்கினார்.

தனிமையும் துப்பாக்கியும்

ஊர் திரும்பியதும் பழைய வேலை, கடன் தவணை. கொரில்லாக்களைப் பற்றி உள்ளூர் நாளிதழில் கட்டுரைகள் எழுதினார். 1966இல் லீக்கி அதே ஊருக்கு உரையாற்ற வந்தபோது அந்தக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். புதைபடிவத்தின் மேல் விழுந்த பெண்ணை லீக்கி மறந்திருக்கவில்லை. கொரில்லாக்களை நீண்ட காலம் ஆராயும் பொறுப்பை அவரிடமே கொடுக்க முடிவு செய்தார்.

காட்டில் குடல்வால் அழற்சி வந்தால் ஆபத்து, முன்கூட்டியே குடல்வாலை அகற்றிவிடுவது நல்லது என்று லீக்கி சொல்லிவைத்தார். ஃபாசி உடனே அறுவை சிகிச்சை செய்துகொண்டார். சில வாரங்களில் லீக்கியிடமிருந்து கடிதம் வந்தது. உண்மையில் அது தேவையே இல்லை, விண்ணப்பிப்பவரின் மனஉறுதியைச் சோதிக்கவே அப்படிச் சொல்வது வழக்கம் என்று அதில் எழுதியிருந்தது!

லீக்கி ஊக்குவித்த மூன்று பெண்களைப் பற்றி நம்மில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சிம்பன்சிகளை ஆராய்ந்தவர் ஜேன் குடால். கொரில்லாக்களை ஆராய்ந்தவர் ஃபாசி. மூன்றாமவர் பிரூட்டே கால்டிகாஸ். அவர் 1971இல் வந்தது நமக்கு அண்டையிலுள்ள போர்னியோ தீவுக்கு, ஓராங் ஊத்தான்களைத் தேடி.

1967 ஜனவரியில் ஃபாசி காபாராவில் கூடாரமிட்டார். ஏழடிக்குப் பத்தடி அளவுள்ள அந்தக் கூடாரம்தான் படுக்கையறை, குளியலறை, அலுவலகம் எல்லாம். முகாமை அமைக்க உதவிய ஆலன் ரூட் இரண்டு நாளில் விடைபெற்றார். அவர் பின்னாலேயே ஓடிவிடாமல் இருக்கக் கூடாரத்தின் கம்பத்தை ஃபாசி இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாராம். துணிச்சல்காரர் என்று பெயர் எடுத்தவரின் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. தடம் பார்க்கத் தெரியாத அவருக்குச் சன்வெக்வே என்ற கொங்கோக்காரர் காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஆறே மாதம். கொங்கோவில் கலவரம் வெடித்தது. ஜூலையில் ஆயுதம் தாங்கிய வீரர்கள் மலையேறி வந்து ஃபாசியைக் கீழே கொண்டுபோனார்கள். சுமார் இரண்டு வாரம் காவலில் இருந்தார். தம் வாகனத்தை உகாண்டாவில் பதிவு செய்ய வேண்டும், பணமும் அங்கேதான் இருக்கிறது என்று வீரர்களை நம்பவைத்தார். அவர்களையே ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டிக் கிசோரோ என்ற சிற்றூரின் விடுதிக்கு வண்டியை ஓட்டினார். விடுதியை நடத்திய வால்டர் பவும்கார்ட்டல் உகாண்டாப் படையினரை வரவழைத்தார். ஃபாசி தப்பினார்.

இனி அமெரிக்காவுக்குத் திரும்புவதே புத்திசாலித்தனம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஃபாசியோ வரைபடத்தை விரித்தார். கொரில்லாக்களுக்கு எல்லைக்கோடு தெரியாது. அதே மலைத்தொடரின் மறுபக்கம் ருவாண்டா. அங்கு நெடுங்காலமாக வசித்த இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் அவருக்கு உதவினர். ஒருவர் பெல்ஜிய நாட்டவரான அலியெட் டி முன்க். மற்றவர் பூத்தோட்டம் வைத்திருந்த அமெரிக்கர் ரோசமண்ட் கார். 1967 செப்டம்பர் 24ஆம் தேதி, கரிசிம்பி, விசோக்கே ஆகிய இரு எரிமலைகளுக்கு இடையில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் ஃபாசி ஆய்வு முகாம் அமைத்தார். இரு மலைகளின் பெயர்களையும் சேர்த்து அதற்குக் கரிசோக்கே என்று பெயரிட்டார்.

நீட்டிய கை

அந்நாளில் உலகம் அறிந்த கொரில்லா, கிங் காங் திரைப்படத்தில் வந்த கொடிய மிருகம்தான். ஃபாசி கண்டது வேறு. குட்டியை முதுகில் சுமக்கும் தாய், பிள்ளைகள் மேலே ஏறி விளையாட அசையாமல் படுத்திருக்கும் வெள்ளிமுதுகுத் தலைவன், மழையில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும் குடும்பம்.

கொரில்லாக்களை அவர் துரத்தவில்லை. தாமே அவற்றைப் போல் நடந்துகொண்டார். நிமிர்ந்து நடக்காமல் கைமுட்டிகளை ஊன்றித் தவழ்ந்தார். காட்டுச் செலரித் தண்டைக் கடித்து மென்றார். வயிறு நிறைந்த கொரில்லா எழுப்பும் உறுமலைப் பழகிக்கொண்டு, தாம் வருவதை அந்த ஒலியால் அறிவித்தார். ஒவ்வொன்றின் மூக்குச் சுருக்கங்களும் வேறுபட்டிருப்பதைக் கண்டு, அவற்றை வரைந்து வைத்து, பெயர் சூட்டி அடையாளம் காணும் முறையைப் பின்பற்றினார்.

1970இல் ஒருநாள் அவர் தரையில் படுத்துக்கொண்டு, உள்ளங்கை தெரியும்படி கையை நீட்டினார். பீனட்ஸ் என்ற இளம் ஆண் கொரில்லா நெருங்கியது. சற்றுத் தயங்கியது. பிறகு தன் விரல்களால் அவர் கையைத் தொட்டது. உடனே மார்பில் தட்டிக்கொண்டு தன் கூட்டத்திடம் ஓடிவிட்டது. காட்டு மலைக் கொரில்லா ஒன்று தானாக வந்து மனிதரைத் தொட்டதாகப் பதிவானது அதுவே முதல் முறை. அந்த ஒரு நொடிக்கு மூன்று ஆண்டு உழைப்புத் தேவைப்பட்டது. அறிவியல் பாடங்களில் தோற்றவர், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முனைவர் பட்டம் பெற்றார்.

இதற்கு நடுவில் கசப்பும் சேர்ந்தது. 1969இல் ஜெர்மனியின் கொலோன் நகர விலங்குக்காட்சிச்சாலைக்காக இரண்டு கொரில்லாக் குட்டிகள் பிடிக்கப்பட்டன. குட்டியைப் பிடிக்க வந்தால் பெரிய கொரில்லாக்கள் விடாது, உயிரைக் கொடுத்துப் போராடும். அதனால் ஒரு குட்டியைப் பிடிப்பது என்றால் குடும்பத்தையே கொல்வதாகும். சாகும் நிலையில் இருந்த கோக்கோ, பக்கர் என்ற அந்த இரு குட்டிகளையும் ஃபாசி தம் குடிலில் வைத்துத் தேற்றினார். தேறியதும் அவை ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டன. அவரால் தடுக்க முடியவில்லை. 1978இல் இரண்டுமே அங்கு இறந்தன.

டிஜிட்டின் மரணம்

ஃபாசிக்கு மிக நெருக்கமான கொரில்லா டிஜிட். ஒரு விரல் ஊனமுற்றிருந்ததால் அந்தப் பெயர். தன் கூட்டத்தில் ஒத்த வயதுத் தோழர்கள் இல்லாததாலோ என்னவோ, அது மனிதர்களிடம் ஒட்டிக்கொண்டது. ஃபாசியின் நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். டிஜிட்டின் படத்தைப் போட்டே ருவாண்டாச் சுற்றுலாத்துறை சுவரொட்டி வெளியிட்டது.

1977ஆம் ஆண்டின் கடைசி நாள், வேட்டைக்காரர்கள் நாய்களுடன் அந்தக் கூட்டத்தைச் சூழ்ந்தனர். காவலுக்கு நின்ற டிஜிட் தன் குடும்பத்தார் தப்பி ஓடும்வரை தடுத்து நின்றது. உடலில் ஐந்து ஈட்டிக் காயங்கள். தலையும் கைகளும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. மறு ஆண்டு ஜூலையில் அதே கூட்டத்தின் தலைவனும் ஒரு பெண் கொரில்லாவும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஷேலரின் காலத்தில் விருங்காவில் ஏறத்தாழ 450 கொரில்லாக்கள் இருந்தன. 1980களின் தொடக்கத்தில் எஞ்சியவை சுமார் 250.

டிஜிட் பெயரில் நிதி திரட்டி ஃபாசி காவல் படை அமைத்தார். அவருடைய ஆட்கள் கண்ணிகளைத் தேடித் தேடி அழித்தார்கள். இந்த இடத்தில் அவர் வாழ்க்கையை எழுதுவது சற்றுக் கடினமாகிறது. பிடிபட்ட வேட்டைக்காரர்களை அவர் அடித்தார், மிரட்டினார். பூங்காவுக்குள் மேய வந்த மாடுகளைச் சுட்டார். சூனியக்காரி வேடம் போட்டு ஊர்மக்களைப் பயமுறுத்தினார். அவருடன் வேலை செய்த ஆய்வாளர்கள் பலர் மனம் வெறுத்துப் போனார்கள்.

அந்த மக்களின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ருவாண்டா மிகச் சிறிய நாடு, மக்கள்தொகையோ மிக அதிகம். 1960களின் இறுதியில், பூச்சிமருந்துக்குப் பயன்படும் பைரித்திரம் பூவைப் பயிரிடப் பூங்காவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலம் வெட்டித் திருத்தப்பட்டது. அந்தத் திட்டத்துக்கு ஐரோப்பாவின் ஆதரவு இருந்தது. வேட்டைக்காரர்களில் பலர் மானுக்குத்தான் கண்ணி வைத்தார்கள், சிக்கிக்கொண்டது கொரில்லா. பசித்த குடும்பத்தின் கணக்கு வேறு, கொரில்லாவைக் காப்பவரின் கணக்கு வேறு. வெளிநாட்டிலிருந்து வந்து அங்குக் குடியேறிய ஒருவர் உள்ளூர் மக்களைத் தண்டிக்க யார் உரிமை கொடுத்தது? இந்தக் கேள்விக்கு ஃபாசியின் வாழ்க்கையில் நல்ல பதில் இல்லை.

அவர் விரும்பாத விருந்தினர்

1970களின் இறுதியில் பூங்காவில் இன்னும் 5,000 ஹெக்டரை மாட்டுப் பண்ணையாக்கும் திட்டம் பேசப்பட்டது. பில் வெபர், ஏமி வெடர் என்ற இளம் அமெரிக்கத் தம்பதியர் மாற்று யோசனை சொன்னார்கள். மாடுகள் தரும் வருமானத்தைக் கொரில்லாக்கள் தரட்டும். பயணிகள் சிறு குழுக்களாக வந்து பார்த்துப் போகட்டும். அப்போது காட்டைக் காப்பது அரசாங்கத்துக்கும் ஊருக்கும் லாபமாகிவிடும் என்பதே அவர்களின் வாதம். 1979இல் அந்த முயற்சி தொடங்கியது.

ஃபாசி அதை அடியோடு எதிர்த்தார். பயணிகள் நோயைக் கொண்டுவருவார்கள், கொரில்லாக்களின் அமைதி கெடும், மனிதரைக் கண்டு அஞ்சாத கொரில்லா வேட்டைக்காரனுக்கும் அஞ்சாது என்பன அவரின் கவலைகள். கடைசிக் கவலைக்கு டிஜிட்டே சாட்சி.

1980இல் அவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1983இல் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. பிறகு மலைக்கே திரும்பினார். நுரையீரல் கெட்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. 1985 டிசம்பர் 27ஆம் தேதி காலை, தம் குடிலில் வெட்டிக் கொல்லப்பட்டுக் கிடந்தார். வயது 53. அமெரிக்க ஆய்வு உதவியாளர் ஒருவரை, அவர் நாட்டைவிட்டுச் சென்ற பிறகு, ருவாண்டா நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். உண்மைக் கொலையாளி யார் என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. கொல்லப்பட்ட கொரில்லாக்களுக்காகத் தாமே உருவாக்கிய இடுகாட்டில், டிஜிட்டின் பக்கத்தில் ஃபாசி அடக்கம் செய்யப்பட்டார்.

யார் சொன்னது சரி?

ஃபாசி சொன்னது நடந்ததா, அவரை எதிர்த்தவர்கள் சொன்னது நடந்ததா? மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2018இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அவற்றை மிக மோசமான ஆபத்துப் பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கியது. அனுமதிச் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களின் பள்ளி, மருந்தகம், தண்ணீர் வசதிகளுக்குப் போகிறது. முன்பு மலைக்குள் கண்ணி வைத்தவர்களில் சிலர் இன்று பயணிகளின் பைகளைச் சுமக்கிறார்கள். சுற்றுலா வேண்டும் என்றவர்கள் தோற்கவில்லை.

ஆனால் ஃபாசியும் தோற்கவில்லை. மனிதர் அருகில் வந்தாலும் கொரில்லா ஓடாது என்பதைக் காட்டியவர் அவர். அது இல்லாமல் சுற்றுலாவே இல்லை. என்னை எரிச்சலூட்டிய அந்த விதிகளை இப்போது மறுபடி படித்துப் பார்க்கிறேன். முகக்கவசமும், இடைவெளியும், எட்டுப் பேர் என்ற வரம்பும், ஒரு மணி நேரக் கெடுவும் அவர் அன்று பட்ட கவலைகளுக்குத்தான் பதில் சொல்கின்றன. மனிதருக்கு வரும் சாதாரணச் சளி கொரில்லாவைக் கொல்லக்கூடும்.

இவர்கள் இருவருக்கும் நடுவில், பெயர் தெரியாத பலர் இருக்கிறார்கள். 1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தது. கரிசோக்கே முகாம் சூறையாடப்பட்டது. அத்தனைக்குப் பிறகும் ருவாண்டாத் தடம் காண்போர் காட்டுக்குத் திரும்பிப் போய்க் கொரில்லாக்களைத் தேடினார்கள். ஃபாசிக்கு உதவிய ரோசமண்ட் காரும் அதே ஆண்டு, 82 வயதில் ருவாண்டாவுக்குத் திரும்பினார். தம் பூத்தோட்டத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தார். ஒரே மலையடிவாரத்தில் வாழ்ந்த இரண்டு வெளிநாட்டுப் பெண்களில் ஒருவர் கொரில்லாக்களை அணைத்துக்கொண்டார், மற்றவர் மக்களை அணைத்துக்கொண்டார். இரண்டும் தேவைப்பட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த டிசம்பரில் நான் ருவாண்டாவுக்குப் போகவில்லை. கையில் 2,000 வெள்ளி இல்லை. கடன் வாங்க ஃபாசியின் துணிச்சலும் இல்லை. பகுதிநேர வேலையில் சேர்ப்பதைப் பொறுத்து, படிப்பு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை எனக்காகக் காத்திருக்காமல், அவரையாவது முதலில் ஒருமுறை போய்வரச் சொன்னேன். அவர் வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணம்தான். சளி பிடித்திருந்தால் மட்டும் அந்த நாளைத் தள்ளிப்போடும்படி சொல்லியிருக்கிறேன்.